முனியப்பன் மேட்டில் நின்ற வண்டி

புரட்டாசி 25, வியாழன்

நிலாவில் நம்ம ராக்கெட் போய் இறங்கிய வருஷம் இது. ஒடிசாவில் மூன்று ரயில் மோதி, டிவி பார்த்தவர்கள் எல்லாம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த வருஷம். பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்த வருஷம். எனக்கு ஆடியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இவ்வளவு சொன்னால் எந்த வருஷம் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பெண்சாதி தையல்நாயகி எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை படித்தவள்.

"நான் சொல்றத மட்டும் எழுது. நீயா ஒண்ணும் சேக்காத" என்றேன்.

"நீங்க சொல்லாம விடுறத எந்த நோட்டுல எழுதறது?" என்றாள். அதையும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது.

திருச்சியில் பேங்கில் இருக்கும் ரகோத்தமன் சார் கேட்டதால்தான் இந்த வேலை. ரயில் இன்ஜின் பார்ப்பதற்கென்றே லீவு போட்டு ஊர் ஊராகப் போகிறவர். போன மாதம் எங்கள் ஊர் ரயில் கேட்டுக்கு வந்தவர், "ஐயா, மெயின் லைன்ல என்ன ஓடுதுன்னு ஆயிரம் பேர் சொல்லுவாங்க. உங்க ஆலைப் பாதையில என்ன ஓடுதுன்னு சொல்ல ஆளே இல்ல. தீபாவளி வரைக்கும் பாத்துச் சொல்லுங்க, எங்க குரூப்ல போடறேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். சரி என்றேன்.

ஆலைப் பாதை என்பது எங்கள் ஊர் புங்கங்குழி ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் ஆலையிலிருந்து கிழக்கே சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிற தனிப் பாதை. ரயில்வேக்குச் சொந்தமில்லை, ஆலைக்குச் சொந்தம். குவாரியிலிருந்து வரும்போது முனியப்பன் மேடு வரை ஏற்றம். அதற்கப்புறம் கேட்டைத் தாண்டி ஆலை வரைக்கும் சறுக்கல். அந்தப் பாதையில்தான் நான் நாற்பது வருஷம் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக இருந்தேன்.

இன்று பார்த்தது: ஆலை புதிதாக வாங்கியிருக்கும் பழைய ஆல்கோ டீசல் இன்ஜின். பொன்மலை ஷெட்டில் வளர்ந்தது. மெயின் லைன் கரண்டுக்கு மாறியதால் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நீல வண்ணம், இடுப்பில் மஞ்சள் பட்டை. மேடு ஏறும்போது குடிநீர்க் குடத்தோடு ஏறுகிற பெண் மாதிரி அலுங்காமல் வந்தது. முப்பது வேகன் கல். ஓட்டியது புது ஆள்.

"புது ஆளா? பேரு இல்லியா அதுக்கு?" என்று தையல்நாயகி பேனாவை வைத்துவிட்டாள்.

எழிலரசி. எங்கள் மகள். போதுமா, எழுது.

புரட்டாசி 28, ஞாயிறு

லைனில் வண்டி இல்லை. இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். தையல்நாயகி போனில் யாரிடமோ மெதுவாகப் பேசிவிட்டு வந்து, எண்ணெய் மாற்றி முடிந்துவிட்டது, நாளைக்கு ஓடும் என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ரகோத்தமன் சார் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எழிலரசி டிப்ளமோ முடித்து, ஆலையில் உதவி டிரைவராக இரண்டு வருஷம் இருந்து, இப்போது டிரைவர் வேலைக்குச் சோதனை ஓட்டத்தில் இருக்கிறாள். தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லை என்றால் அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளிடம் பேசுவதில்லை. இது இன்ஜின் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

கேட்டுக்கு நான் போவது இன்ஜின் பார்க்க.

ஐப்பசி 2, வியாழன்

ஆல்கோ இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் மிக அழகு.

ஐப்பசி 6, திங்கள், ஆயுத பூஜை

இன்ஜினைக் குளிப்பாட்டி, மூக்கில் சந்தனம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். செவ்வந்தி மாலை பம்பர் வரை தொங்கியது. வருஷம் முழுக்க சுண்ணாம்புப் புழுதி தின்கிற பிராணி, இன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பூசணிக்காய் உடைக்க ஆலை வாசலில் நல்ல கூட்டம்.

பூஜை செய்தவன் வேம்பு. ஆலையில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், மேட்டு முனியப்பனுக்குப் பூசாரியும் அவன்தான். அம்பது வயசுக்காரன், குரல் மட்டும் இன்ஜினுக்குச் சமம். கல் ஏற்றிய வண்டி எதுவானாலும் மேட்டில் முனியப்பனுக்கு எதிரே நிற்க வேண்டும், வேம்பு விபூதி கொடுப்பான், எலுமிச்சம்பழம் வைப்பான், அப்புறம்தான் இறங்க வேண்டும். இது அம்பது வருஷத்துக்கும் மேலான வழக்கம். பெண்கள் அந்த மேட்டுக்கு ஏறுவதில்லை, அதுவும் வழக்கம்.

கூட்டத்தில் வைத்தே அவன் எழிலரசியிடம் சொன்னான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்தா புள்ள, ஒங்கிட்ட எனக்கு விரோதம் இல்ல. ஆனா மேட்டுல நீ நிறுத்தப்புடாது. நிக்காம போயிடு. சாமி கண்டுக்காது."

"நிக்காம எறங்க முடியாதுண்ணே."

"ஏன், ஒனக்குத் துன்னூறு வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மேனேஜரும் சிரித்தார். "நிக்கலன்னா நமக்கு நேரம் மிச்சம்தானம்மா" என்றார்.

"சரிண்ணே, முனியப்பன் முன்னாடி நிக்கல. அதுக்கு முன்னாலேயே நின்னுட்டுப் போறேன். அது சாமி எடம் இல்லியே" என்றாள்.

தையல்நாயகி இதை எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினாள். எனக்கு சிரிப்பு வரவில்லை. மாலை கட்டிய இன்ஜினின் ஹாரன் நல்ல கட்டைக் குரல், அதை மட்டும் ரகோத்தமன் சாருக்குச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி 8, புதன்

சொன்னபடி செய்கிறாள். மேட்டில் முனியப்பனுக்கு நூறு கஜம் முன்னால், சமதரையில், விளாமரத்துக்கு நேரே முழு வண்டியையும் நிறுத்துகிறாள். கொஞ்ச நேரம் நின்று, ஹாரன் கொடுத்து, முனியப்பனை நிற்காமல் தாண்டி இறங்குகிறாள். கேட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. கண் டாக்டர் நன்றாக இருக்கட்டும்.

டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், எறக்கத்தைப் பார்த்துப் பயந்து நிற்கிறாளாம். பெஞ்சில் எனக்குப் பக்கத்திலிருந்த பால்காரர், "ஒங்க பொண்ணு தானுங்களே?" என்று கேட்டார். "அது ஆல்கோ" என்றேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு பெஞ்சு உண்டு. அதில் தேவசகாயம் உட்கார்ந்திருக்கிறார். பாதை ஆரம்பித்த காலத்தில் பயர்மேனாக வந்து, டிரைவராகி, ரிட்டையர் ஆனவர். அவர் மகனைத்தான் எழிலரசி கட்டிக்கொண்டாள். கேட் மூடினால் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேட் திறந்தாலும் அப்படியேதான். ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே இன்ஜினைத்தான் பார்க்கிறோம்.

வண்டி போனதும் அவர் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். இன்ஜினுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி 13, திங்கள்

மெயின் லைனில் கரண்ட் இன்ஜின் இரண்டு ஜோடியாக நிலக்கரி இழுத்துப் போயின. எத்தனை வேகன் என்று எண்ணி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. சத்தம் கிடையாது, புகை கிடையாது, முக்கல் முனகல் கிடையாது. மழை மேகம் நகர்கிற மாதிரி நகர்ந்து போயின. பழைய ஆட்கள் கரண்ட் இன்ஜினுக்கு உயிர் இல்லை என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவ்வளவு பாரத்தை அலட்டிக்கொள்ளாமல் இழுப்பதற்கும் ஒரு குணம் வேண்டும்.

நெல்லுக்கு யூரியா போட ஆள் சொல்லியாகிவிட்டது. கோடி வீட்டு மாடு வேலியைத் தின்றுவிட்டது.

வேம்பு இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறானாம். பெண் டிரைவர் முனியப்பனைத் தாண்டக் கூடாது, வண்டிக்கு ஆபத்து என்று. மேனேஜர் வெள்ளிக்கிழமை கழித்து அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார்.

"நீங்க போய் ரெண்டு வார்த்தை பேசலாமுல்ல" என்றாள் தையல்நாயகி.

"ரிட்டையர் ஆனவனுக்கு ஆலையில என்னா பேச்சு?"

"அப்பனுக்கு?"

இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஐப்பசி 16, வியாழன்

மழை. ஆல்கோ நனைந்து வந்தது. நனைந்த நீலம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் மணலை அளந்து விட்டு ஏற்றினாள். அந்த மணல் விடுகிற பக்குவம் எல்லாருக்கும் வராது. முப்பது வருஷம் ஓட்டியவர்கள் மேட்டில் சக்கரம் சுற்றி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இதை சாருக்குச் சொல்லலாம். யார் ஓட்டினாலும் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 20, திங்கள்

மத்தியானம் கல் வண்டி மேட்டுக்கு வரும் சத்தம் கேட்டது. ஏற்றம் முடிந்து சமதரைக்கு வந்ததும் இன்ஜின் சத்தம் தணிந்தது. வழக்கமாக விளாமரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மரத்தைத் தாண்டி வந்தது. முனியப்பனுக்கு முன்னால், சூலத்துக்கு ஒரு முழம் இருக்கும், அங்கே வந்து மெதுவாக நின்றது.

டீக்கடையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "சாமியே இழுத்து நிறுத்திட்டாரு" என்று ஒருவன் சொன்னான். "அவ்வளவுதான், அந்தப் புள்ளைக்கு வேலை போச்சு" என்று இன்னொருவன்.

வண்டி இறங்கவே இல்லை. ஹாரனும் இல்லை.

நான் எழுந்து பாதையோரமாக மேட்டுக்கு நடந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேவசகாயமும் நடந்தார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவருக்கு மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. என்னுடையது அவருக்குக் கேட்டிருக்கும்.

மேலே போனால் எழிலரசி இன்ஜினிலிருந்து இறங்கி, உதவி ஆளை உள்ளே பிரேக் பிடிக்க வைத்துவிட்டு, வேகன் வேகனாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறாள். வேம்பு பின்னாலேயே ஓடுகிறான்.

"எறங்காதன்னு சொன்னேனா இல்லியா? மேட்டுல காலு வச்சிட்டியே. யாரக் கேட்டு எறங்குன?"

"வண்டியக் கேட்டுண்ணே. தள்ளி நில்லுங்க."

ஒன்பதாவது வேகனில் நின்றாள். இன்ஜினிலிருந்து கடைசி வேகன் வரைக்கும் ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது, பிரேக் அதில்தான் வேலை செய்யும். ஒவ்வொரு வேகன் முடிவிலும் அதை மூடித் திறக்க ஒரு கைப்பிடி உண்டு. ஒன்பதாவதின் கைப்பிடி மூடியிருந்தது. குவாரியில் வேகனைக் கழற்றி மாற்றியவர்கள் திறக்க மறந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் இருபத்தொரு வேகனுக்கும் பிரேக் இல்லை. அந்தக் கல் மொத்தமும் சறுக்கலில் இறங்கியிருந்தால் கேட் எங்கே, டீக்கடை எங்கே.

என்னைப் பார்த்தாள். ஆறு வருஷமாக எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் நான். அவள் அதையெல்லாம் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

"அப்பா, ஒரு கல்லு எடுத்து அந்தச் சக்கரத்துக்கு அண்டக் குடுங்க. மாமா, நீங்க அந்தப் பக்கம் குடுங்க. கொழாயத் தொறக்கப் போறேன்."

கொடுத்தேன். நல்ல பெரிய கல்லாகப் பார்த்துக் கொடுத்தேன். வேகனுக்கு அடியில் குனிந்தபோது அந்தப் பக்கம் தேவசகாயத்தின் கையும் கல்லும் தெரிந்தன. காற்று உஸ்ஸென்று பின்னால் ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசி வேகன் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளங்கையெல்லாம் கரி.

"எப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"வெளாமரத்துல நிக்கணும்னு பிடிச்சேன். நிக்கல, இங்க வந்து நின்னுச்சு. நெனைச்ச எடத்துல நிக்காத வண்டிய எறக்கத்துல விடலாமாப்பா?"

விடக் கூடாது என்றேன். அவள் கையைப் பார்த்தேன். "கை கழுவு" என்றேன்.

இறங்கும்போது ஆல்கோ அடக்கமாக, அடிக்கு அடி பிரேக்கோடு இறங்கியது. நான் பார்த்ததிலேயே நல்ல இறக்கம். சாருக்கு அப்படியே எழுது.

ஐப்பசி 21, செவ்வாய்

ஊர் முழுக்க இதே பேச்சு. ஆனால் இரண்டு விதமான பேச்சு. எழிலரசி காப்பாற்றினாள் என்று பாதி. பெண் மேட்டுக்கு வந்ததால்தான் பிரேக் போனது, முனியப்பன் பெரிய மனசு பண்ணி நிறுத்தினார் என்று பாதி. வேம்பு இரண்டாவது பாதிக்குத் தலைவர். கைப்பிடியைத் திறக்க மறந்தவன் குவாரியில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறான், அவனை யாரும் கேட்கவில்லை.

தையல்நாயகி அதிரசத்துக்கு மாவு இடித்தாள். "எத்தன பேருக்கு?" என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க" என்றாள். நிறையச் செய் என்றேன்.

ஐப்பசி 24, வெள்ளி

கூட்டம் ஆலை கேண்டீனில். அழைக்காமலே போனேன். எழிலரசி முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேவசகாயத்துக்கு மேடு ஏறியதில் கால் வீங்கிவிட்டது, வரவில்லை.

வேம்பு முதலில் பேசினான். பேசத் தெரிந்தவன். நிற்காமல் போகச் சொன்னதே அவன்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டான். "சார், அந்தப் புள்ள கெட்டிக்காரிதான், நான் இல்லேங்கல. ஆனா அம்பது வருஷமா வண்டி முனியப்பனுக்கு நின்னுச்சு, ஒண்ணும் ஆவல. இது வந்து நிக்காம தாண்ட ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆவல, இப்புடி ஆயிப்போச்சு. இதுக்கு என்னா சொல்றீங்க?"

மேனேஜர் வெளியூர்க்காரர். சாமி விஷயத்தில் கை வைக்கப் பயப்படுகிறார். "வேணும்னா எழிலரசிக்கு ஆபீஸ்ல வேற வேலை..." என்று இழுத்தார். அவள் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன்.

"வேம்பு, முனியப்பன் அந்த மேட்டுக்கு எப்ப வந்தாரு?"

"அவரு எப்பவும் இருக்காரு. இது என்னா கேள்விங்க சித்தப்பா."

"எப்பவும் இருக்காரு, சரி. மேட்டுக்கு எப்ப வந்தாரு?"

அவனுக்குத் தெரியாது. அவன் அப்போது பிறக்கவில்லை. நான் சொன்னேன். வெள்ளைக்காரன் நிலாவில் கால் வைத்த வருஷம், இந்தப் பாதையில் முதல் கல் வண்டி வந்தது. கரி இன்ஜின். எனக்குப் பதினேழு வயசு, கடைசி வேகனில் கொடி பிடித்து நின்றேன். மேட்டில் நிற்காமல் நேரே இறக்கத்தில் விட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை. கேட்டை உடைத்துக்கொண்டு, ஆலைக்குள் கடைசி முட்டுக்கட்டையையும் ஏறி, சோளக்கொல்லையில் போய் நின்றது. ஒரு ஜோடி உழவு மாடு போய்விட்டது. மனுஷ உயிர் போகாதது ஆச்சரியம்.

அன்றைக்கு டிரைவர் குழந்தைவேலு சொன்னார், இனிமேல் மேட்டில் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். இரண்டு நாள் எல்லாரும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள், நேரமாகிறது என்று மேஸ்திரி நிறுத்த விடவில்லை. டிரைவர் சொன்னால் யார் கேட்கிறார்கள். அப்போதுதான் அவர் அந்த வண்டியிலேயே வளைந்துபோன பிரேக் கம்பியை எடுத்து, கொல்லனிடம் கொடுத்து, மூன்று முனை அடித்து வாங்கி, மேட்டில் நட்டு, மஞ்சள் பூசி, முனியப்பனைக் கும்பிட்டு அழைத்தார். அடுத்த நாளிலிருந்து ஒரு மேஸ்திரியும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

"சாமி இல்லேன்னு நான் சொல்ல வரல. நானும் கும்புடறவன்தான். அந்தச் சாமிய அங்க கூப்புட்டதே பிரேக்கு பாக்கத்தான். திங்கக்கெழம அவரு வேலைய அவரு செஞ்சாரு, எம்மவ வேலைய அவ செஞ்சா. ரெண்டும் ஒரே வேலை."

எழிலரசி திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேம்பு நிதானமாகக் கேட்டான். அதில் தப்பும் இல்லை.

"சித்தப்பா, நீங்க பெத்த அப்பன். மவளுக்காகச் சொல்றீங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். அந்த வண்டியில இருந்தவங்க வேற யாராச்சும் சொல்லட்டும், நானே விளாமரத்தாண்ட வந்து அந்தப் புள்ளைக்குத் துன்னூறு குடுக்கறேன்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். "யார் யார் இருந்தாங்கய்யா? சொல்லுங்க, ஆள் அனுப்பி இன்னிக்கே கேட்டுக்கலாம்."

சொன்னேன். டிரைவர் குழந்தைவேலு, எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கார்டு மாணிக்கவாசகம், சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்து, அப்புறம் உயிரையும் கொடுத்தார். வேகன் மேல் நின்று கைபிரேக் பிடித்த அண்ணன் தம்பி பெருமாளும் சின்னப் பெருமாளும். அண்ணன் சுனாமி வந்த வருஷம் செத்தான், தம்பி கொரோனாவில், முகம் கூடப் பார்க்க விடவில்லை. மாட்டுக்காரர் பச்சமுத்து அதற்கெல்லாம் முன்னாலேயே.

"அப்ப யாருமே இல்லீங்களா?" என்றார் மேனேஜர்.

கரி தள்ளிக்கொண்டிருந்த பயர்மேன் ஒருத்தர் இருந்தார் என்றேன். வண்டி ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் குதித்தோம், அவர் மட்டும் குதிக்காமல் கடைசி வரைக்கும் டிரைவரோடு பிரேக்கைப் பிடித்துத் தொங்கினார். சூலம் நட்ட அன்று, குழி தோண்டியதும் அவர்தான்.

"அவரு?"

"இருக்காரு. கால் வீங்கி வீட்டுல படுத்திருக்காரு. ஆள அனுப்ப வேணாம், நானே போயிக் கூட்டியாறேன்."

"பேரு சொல்லுங்க."

"தேவசகாயம். எங்க சம்பந்தி."